பங்கி இலையும் கட்டளைச் சட்டமும்



தோட்டப்புறத்து நேயர் ஒருவர் இத்தொடருக்கு எழுதிய கடிதத்தில் கேட்கிறார்: "கஞ்சா வளர்க்க அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறதே, ஐயா. அப்படியென்றால் எங்கள் பையன்களை இன்னும் ஏன் பிடிக்கிறார்கள்?" இலக்கியத் தொடருக்கு வரும் கேள்வியா இது என்று முதலில் யோசித்தேன். தமிழ் படிப்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்களும் நினைக்கலாம். ஆனால் இந்தச் செடியின் கதை பாதிக்கு மேல் சொற்களின் கதை. மீதி, எங்கள் மக்கள் கப்பலேறிப் போன கதை. எனவே துணிந்து எடுத்துக்கொள்கிறேன்.

நேயரின் கேள்விக்கு நேரான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் அது ஏற்றுமதி செய்யும் முதலீட்டாளருக்கு. உங்களுக்கும் எனக்கும் 1929 ஆம் ஆண்டின் சட்டம் அப்படியே இருக்கிறது.

பெரகலச் சந்தியை அறிந்தவர்களுக்கு இந்த மண்ணின் அமைப்புப் புரியும். இரத்தினபுரிப் பக்கமிருந்து ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் வீதி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் போகிறது. மற்றது கொஸ்லந்தையைத் தாண்டி, தியலும நீர்வீழ்ச்சியை ஒட்டி, வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மேலே தேயிலை, குளிர், லயம். கீழே வெயில், காடு, சேனை. ஒரு மணித்தியால பஸ் பயணத்தில் இரண்டு நாடுகளைப் பார்த்துவிடலாம். வெல்லவாய, தணமல்வில, மொனராகலைக் காடுகளுக்குள் ஒளிந்து செய்யப்படும் கஞ்சாச் சேனைகளைப் பற்றி நாம் செய்திகளில் கேட்காத மாதம் இல்லை. அங்கே விளைவது மேலே வரும் வழி இந்தச் சந்திதான்.

கஞ்சா என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். பங்கம், பங்கி என்பனவும் அவ்வாறே. ஆனால் சித்த வைத்தியத்தில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. கோரக்கர் மூலி என்பது அவற்றுள் ஒன்று. கோரக்கச் சித்தரோடு இந்த மூலிகையைச் சேர்த்துச் சொல்லும் மரபு பழையது. சிவமூலி என்பாரும் உளர். சிங்கள வைத்தியர்கள் 'திரைலோக விஜய பத்ர' என்பார்கள். மூவுலகையும் வென்ற இலை என்பது பொருள். ஒரு செடிக்கு மருந்துப் பெயர் வேறாகவும் தெருப் பெயர் வேறாகவும் இருந்தால், அந்தச் செடி இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது என்று அறியலாம். எங்கள் தோட்டத்தில் என் தாய்வழிப் பாட்டனார் கைவைத்தியம் பார்த்தவர். வயிற்றுக் கடுப்புக்கும் தூக்கமின்மைக்கும் அவர் கிண்டிய லேகியத்தில் 'மூலி' சேர்ந்தது. அவர் வாயில் கஞ்சா என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அந்தச் சொல் லயத்துக்குப் பொலிஸ் ஜீப்பில் ஏறி வந்தது என்றே எனக்குத் தோன்றும்.

இலங்கையில் இந்த இலையைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய முதல் மனிதர்களுள் ஒருவர் றொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தவர். 1679 இல் தப்பி அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். தப்புவதற்கு வழி தேடி, வியாபாரி வேடத்தில் வடக்கு வறண்ட பிரதேசத்தில் அவரும் தோழரும் அலைந்த காலத்தில், குட்டைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது அவர்கள் கற்றுக்கொண்ட மாற்று மருந்து இந்தக் காய்ந்த இலை. போர்த்துக்கேயர் அதைப் பங்கா என்றும் சிங்களவர் கன்சா என்றும் சொல்வதாக எழுதுகிறார். கருப்பட்டியோடு காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தின்றார்களாம். தலை சுற்றும், வேறு உபாதை இல்லை என்கிறார்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1689 இல், இலண்டன் றோயல் சொசைட்டியில் விஞ்ஞானி றொபர்ட் ஹூக் 'பங்கி' என்ற செடியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவருக்குச் செய்தி கொடுத்தவர் எங்கள் நொக்ஸ்தான். அந்தச் செடி பைத்தியத்துக்கு மருந்தாகக்கூடும் என்று ஹூக் கருதினார். ஆங்கிலேய விஞ்ஞானம் கஞ்சாவை முதலில் அறிந்தது ஒரு மருந்தாக, அதுவும் இலங்கைக் கைதி ஒருவரின் வாய்வழியாக என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழும். சிரிக்கட்டும்.

ஒல்லாந்தர் 1675 இலேயே இதன் வியாபாரத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் 1867 இல் அபினுக்கும் பங்கிக்கும் சேர்த்து ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். அது கோப்பிக் காலம். கங்காணிமார் கூட்டி வந்த எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து மலையேறிக்கொண்டிருந்த காலம்.

இவ்விடத்தில் இந்தியாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கஞ்சாவால் இந்தியர்கள் பைத்தியமாகிறார்கள் என்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மதுவிலக்குவாதிகள் கேள்வி எழுப்பியதைத் தொடர்ந்து, 1893 இல் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். பல இடங்களில், நோயாளி எதனால் பைத்தியமானான் என்று தெரியாதபோது 'கஞ்சா' என்று எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. 1894 இல் வந்த அறிக்கை ஏழு பாகம். அளவோடு பாவிப்பதால் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் தீங்கு உண்டு, முற்றாகத் தடை செய்வது தேவையுமில்லை, நடைமுறைக்கு ஒத்தும் வராது, வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே வழி என்றது. காலனித்துவ அரசின் ஆணைக்குழுக்களில் இவ்வளவு பொறுமையாக உண்மையைத் தேடியவை சிலவே என்பேன். எனினும் அந்த அறிக்கையை வாசித்துச் சட்டம் செய்ய எவரும் அவசரப்படவில்லை.

ஏனென்றால் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இதுவே நான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதிலும் அதைத் தொடர்ந்த கப்பல்களிலும் போனவர்களில் பெருந்தொகையினர் தமிழரும் தெலுங்கரும். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்கப் போனவர்கள். பத்தே ஆண்டில், 1870 இல், நேட்டால் அரசாங்கம் கூலிகளுக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதில் ஒரு பிரிவு, கூலிகள் கஞ்சாச் செடியின் எந்தப் பாகத்தையும் புகைப்பதையும் பாவிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. கூலிகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். துரைமாருக்கு அந்தப் பிரிவு இல்லை. உடம்புக்குக் கேடு என்பதல்ல அங்கே கவலை. மறுநாட் காலை வேலைக்கு ஆள் குறையும் என்பதே கவலை. ஜமேக்காவுக்கு 1845 இலிருந்து போன இந்தியத் தொழிலாளர் தங்கள் செடியோடு அதன் பெயரையும் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அந்தத் தீவில் கறுப்பின மக்கள் 'கஞ்சா' என்றே சொல்கிறார்கள். 1913 இல் அங்கேயும் தடைச்சட்டம் வந்தது. கூலி என்ற சொல் சென்ற கரைகளிலெல்லாம் கஞ்சா என்ற சொல்லும் சென்றது. அதன் பின்னால் சட்டமும் சென்றது.

தென்னாபிரிக்கா 1923 இல் இந்தச் செடியையும் அபாயகரப் பட்டியலில் சேர்க்கும்படி சர்வதேச சங்கத்திடம் கேட்டது. 1924-25 இல் ஜெனீவாவில் அபின் மாநாடு கூடியபோது எகிப்தியப் பிரதிநிதி இதைப் பெரும் பிரச்சினையாக எழுப்பினார். இந்தியக் கஞ்சா அந்த உடன்படிக்கைக்குள் வந்தது. உடன்படிக்கை 1928 இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே இலங்கைச் சட்டநிரூபண சபையில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அனுமதிப்பத்திரமின்றிக் கஞ்சாச் செடியை வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. சர்வசன வாக்குரிமை இந்நாட்டுக்கு வந்தது 1931 இல். ஆகவே இந்தச் சட்டத்தைப் பற்றி மொனராகலைச் சேனைக்காரரையோ ஹப்புத்தளைத் தோட்டத் தொழிலாளியையோ வாக்குப் பெட்டி மூலம் எவரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அதே ஆங்கிலேயர் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சாராயத்துக்கும் கள்ளுக்கும் அனுமதிப்பத்திரம் விற்றார்கள். தோட்டங்களின் ஓரத்தில் தவறணைகள் முளைத்தன. சம்பள நாளில் எத்தனை குடும்பங்களின் அரிசி அந்தத் தவறணைக்குள் போனது என்பதை மலையகத்தில் யாரும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. சாராயம் வடிசாலையில் வடிகிறது. கணக்கெடுத்து வரி போடலாம். வேலியோரம் தானே முளைக்கும் செடிக்கு வரி போடுவது எப்படி? ஒன்று வருமானமாயிற்று, மற்றது குற்றமாயிற்று. இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணத்தை விட்டுவிட்டுச் சொல்லப்படும் வரலாறு எனக்குச் சப்பென்று இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வந்தது. சுதேச வைத்தியர்கள் தங்கள் மருந்துகளுக்கு அபினும் கஞ்சாவும் ஆயுர்வேத ஆணையாளர் வழியாகப் பெறுவதற்கு இடம் இருந்தது. 'மதன மோதகம்' போன்றவை இந்நாட்டில் பகிரங்கமாக விற்கப்பட்டு வந்தவைதான். ஆனால் இலை எங்கிருந்து வரும்? வளர்ப்பது குற்றம். ஆகவே பொலிஸார் கைப்பற்றிய கஞ்சா, வழக்கு முடிந்த பிற்பாடு நீதிமன்றத்தின் ஊடாக மருந்துக்குக் கொடுக்கப்படும் ஒரு விசித்திர ஏற்பாடு நடைமுறையில் இருந்து வந்தது. வழக்கு முடிய எத்தனை வருடம் என்பது நீங்கள் அறிந்ததே. 2017 இல் அன்றைய சுகாதார, சுதேச வைத்திய அமைச்சர் ராஜித சேனாரத்னவே இந்தக் குறையைப் பகிரங்கமாகச் சொன்னார்: மருந்து செய்யும் கைக்கு இலை வந்து சேரும்போது அது நான்கைந்து வருடப் பழையது, குணம் போய்விடுகிறது. இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசே வளர்ப்பதற்கான திட்டமொன்றையும் அவர் அறிவித்தார். அது அறிவிப்போடு நின்றது.

இதற்கிடையில் தண்டனைப் பக்கம் வளர்ந்துகொண்டே போயிற்று. 1973 இல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் அமைந்தது. 1984 இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவானது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் ஹெரோயின் 2 கிராமுக்கே மரண தண்டனை என்றது. 2022 இன் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மருந்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஐஸ் எங்கள் பாடசாலை வேலிகள் வரை வந்துவிட்ட பயத்தில் வாழும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஆனால் ஹெரோயினுக்கும் கஞ்சாவுக்கும் ஒரே பெயரில் ஒரே புத்தகத்தில் சட்டம் இருப்பதால், லயத்தில் அகப்படும் இளைஞனுக்கும் கடலில் கேரள கஞ்சா மூட்டை மூட்டையாய் இறக்குபவனுக்கும் ஊர் வாயில் ஒரே பட்டம் கிடைக்கிறது: 'கஞ்சாக்காரன்'.

எனது மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். உயர்தரத்தில் தமிழை நன்றாகச் செய்தவன். தந்தை இல்லை, தாய் கொழுந்தெடுப்பவர். வெல்லவாயப் பக்கம் ஒரு கட்டிட வேலைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் சோதனை நடந்தது. சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம். இரண்டு மூன்று பீடிக்குப் போதுமானது. குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டப்பணம் கட்டினான், வீட்டுக்கு வந்தான். எல்லாம் முடிந்தது என்று தாய் நினைத்தார். முடியவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டபோது அந்தப் பழைய வழக்கு எழுந்து நின்றது. "சேர், நான் குடிச்சிட்டு விழுந்து கிடந்திருந்தா இதெல்லாம் இல்லையே" என்றான். நான் பேசாமல் இருந்தேன்.

மறுபக்கமும் உண்டு. இன்னொரு வீட்டில், பதினைந்து வயதிலிருந்து ஓயாமல் புகைத்த பையன் யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கிறான். வளரும் வயதில், மூளை முதிர்வதற்கு முன், இந்தப் பழக்கம் மனநோயை வருவிக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று இன்றைய வைத்தியர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அந்தத் தாய்க்கு 1894 ஆம் ஆண்டு அறிக்கையை வாசித்துக் காட்டிப் பயனில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது வைத்தியர். சட்டம் அவனுக்குக் கொடுக்கக்கூடியது வழக்கு இலக்கம்.

உலகம் இந்தப் பத்து வருடங்களில் வேகமாகத் திரும்பியிருக்கிறது. 2013 இல் உருகுவே, 2018 இல் கனடா என்று நாடுகள் முழுதாகச் சட்டபூர்வமாக்கின. அவற்றை விட எங்களுக்கு நெருக்கமானவை முன்னர் சொன்ன அந்த இரண்டு கரைகள். ஜமேக்கா 2015 இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பதைக் குற்றப்பதிவு இல்லாத சிறு தவறாக்கியது; வீட்டுக்கு ஐந்து செடி வளர்க்கவும் விட்டது. கூலிகளுக்கு முதன்முதலாகத் தடை விதித்த நேட்டாலை உள்ளடக்கிய தென்னாபிரிக்காவில், 2018 செப்டெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், வளர்ந்தவர் தன் தனிமையில் பாவிப்பதைக் குற்றமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 148 வருடம் கழித்து! இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் பூவையும் பிசினையும் தடுத்தாலும் இலையையும் விதையையும் விட்டுவிட்டது. வட இந்தியாவில் பங்கி அரைப்பது அதனால்தான் தொடர்கிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குகளில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. பௌத்த நாடான தாய்லாந்து 2022 ஜூனில் கட்டை அவிழ்த்துவிட்டது. தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025 இல் மீண்டும் வைத்தியரின் சீட்டு வேண்டும் என்று இறுக்கியது. அவசரமாய்த் திறந்தால் அவசரமாய் மூட வேண்டி வரும் என்பதற்கு அது பக்கத்திலிருக்கும் பாடம்.

இலங்கையில் பொருளாதாரம் விழுந்த பின்னர்தான் கதவு அசைந்தது. 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராய நிபுணர் குழு அமைக்க யோசனை சொன்னார். 2025 இல், வேறொரு அரசாங்கத்தின் காலத்தில், ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாக ஆயுர்வேதத் துறையினர் அறிவித்தனர். மீரிகமவில் முதலீட்டு வலயத்துக்குள் 64 ஏக்கர். விளைவதெல்லாம் மருந்துற்பத்திக்காக வெளிநாட்டுக்கு. உள்ளூர்ப் பாவனைக்கு ஒன்றும் இல்லை.

இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குத் தேயிலைதான் நினைவுக்கு வந்தது. முதலீடு வெளியிலிருந்து வரும், முதல்தரம் வெளியே போகும், இங்கே மிஞ்சுவது தூள். எங்கள் லயங்களில் நாங்கள் நூறு வருடமாய்க் குடித்தது அந்தத் தூளைத்தான். டொலர் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாடு இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் தணமல்விலச் சேனையில் இதே செடியை வளர்த்தவன் சிறையில் இருக்க, மீரிகமவில் வளர்ப்பவனுக்கு வாசலில் காவற்காரன் நிற்கிறான். காடழித்தவனைப் பாராட்டச் சொல்லவில்லை. யானைக்காட்டை வெட்டுவது தனிக் குற்றம், அதற்குத் தனித் தண்டனை இருக்கட்டும். ஒரு சிறு பொட்டலத்துக்காக வாழ்நாள் முழுவதும் பொலிஸ் சான்றிதழில் தொங்கும் பதிவை மட்டுமாவது நீக்கலாம். அதற்கு ஏழு முதலீட்டாளர் தேவையில்லை. சட்டத்தில் ஒரு பிரிவு போதும்.

அண்மையில் எங்கள் பக்கத்துச் சுதேச வைத்தியர் ஒருவரிடம் மீரிகமத் தோட்டத்திலிருந்து மருந்துக்கு இலை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார். அடியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் கிடந்தது. வழக்கு முடிந்து வந்தது என்றார். மூடியைத் திறந்து முகரத் தந்தார். வைக்கோல் மணம்தான் இருந்தது.